கெடுபிடியான அன்பு ஒரு விஞ்ஞானியை உயர்த்துமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஆராய்ச்சியில் பெரிதாகச் சாதித்தே தீர வேண்டும் என்று இருக்கும் ஒருவருக்கு, அவர்மேல் உயிரையே வைத்திருக்கிற துணை ஒருவர் அமைகிறார். ஆனால் சாப்பாடு, தூக்கம், பணம், யார் யாரைப் பார்க்கலாம் என்பது வரை எல்லாம் அந்தத் துணையின் பிடியில்தான். இது நல்லதா? வீட்டுக் கவலை எதுவும் இல்லாமல் முழு மூச்சாக வேலையில் இறங்கலாமே என்பது கேட்டவரின் வாதம்.

என் பதில்: துணை செய்கிற வேலை உதவுகிறது, துணையின் பிடி உதவுவதில்லை. இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வருவதால், வேலையின் பலனைப் பிடியின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். பெரிய விஞ்ஞானிகள் சிலரின் வாழ்க்கையை எடுத்து, எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று பார்த்தாலே இது புலப்படும்.

இந்த வாதத்துக்கு எல்லோரும் முதலில் இழுக்கிற ஆள் ஐன்ஸ்டைன். அவருடைய இரண்டாவது மனைவி எல்சா, பெர்லினில் ஹேபர்லாண்ட் தெரு வீட்டை ஒரு கோட்டைபோல நடத்தினார். பார்க்க வருகிறவர்களை வடிகட்டுவது, வீட்டுக் கணக்கு, பயண ஏற்பாடு, கணவர் என்ன உடுத்திக்கொண்டு வெளியே போகிறார் என்பது எல்லாம் அவர் கையில். உலகப் புகழ்பெற்ற மனிதரைக் கூட்டம் விழுங்கிவிடாமல் காத்தவர் அவர்தான் என்பார்கள். உண்மைதான்.

ஆனால் சிறப்புச் சார்பியல் வந்தது 1905இல். அப்போது ஐன்ஸ்டைன் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் சாதாரண ஊழியர். வீட்டில் முதல் மனைவி மிலேவா, ஒரு வயதுக் கைக்குழந்தை. பொதுச் சார்பியல் சமன்பாடுகள் முழு வடிவம் பெற்றது 1915 நவம்பரில். மிலேவா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சூரிச்சுக்குப் போய் அப்போது ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. எல்சாவோடு உறவு இருந்தது, ஆனால் ஒரே வீட்டில் இல்லை. தனியாக ஒரு ஃப்ளாட்டில் இருந்துகொண்டு, கோட்டிங்கனில் கணிதவியலாளர் ஹில்பர்ட்டும் அதே சமன்பாடுகளை நெருங்குகிறார் என்ற பதற்றத்தோடு, அந்த மாதம் நான்கு வியாழக்கிழமைகளில் பிரஷ்ய அகாடமியில் நான்கு கட்டுரைகளை அடுத்தடுத்து வைத்தார். முந்தைய வாரம் சொன்னதை அடுத்த வாரம் திருத்தினார். அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய வேலை நடந்த அந்த நாட்களில், நேரத்துக்குச் சாப்பிட்டாயா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

அதற்கான விலையையும் கொடுத்தார், அதை மறைக்கக் கூடாது. 1917இல் உடம்பு விழுந்தது. கல்லீரல் கோளாறு, வயிற்றுப்புண், தாங்க முடியாத வலி, ஆள் மிக இளைத்துப்போனார். போர்க்கால பெர்லினில் நல்ல சாப்பாடு கிடைப்பதே பெரிய பாடு. எல்சாதான் எங்கெங்கோ தேடிப் பிடித்துச் சமைத்துப் போட்டுத் தேற்றினார். அந்த ஆண்டே எல்சா குடியிருந்த கட்டடத்துக்கு மாறினார், 1919 ஜூனில் திருமணம். அந்தக் கவனிப்பு இல்லாவிட்டால் அவர் எத்தனை காலம் இருந்திருப்பார் என்றே சொல்ல முடியாது. இதைத்தான் வேலை என்கிறேன். இதன் மதிப்பைக் குறைத்துப் பேசுகிறவர்கள் ஒரு வாரமாவது நோயாளிக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்துப் பார்க்க வேண்டும்.

திருமணத்துக்குப் பிறகு? 1924இல் டாக்காவிலிருந்து சத்யேந்திர நாத் போஸ் அனுப்பிய கட்டுரையை அடையாளம் கண்டு வெளியிட வைத்து, அதை மேலே எடுத்துச் சென்றார். அது பெரிய விஷயம். 1935இல் போடோல்ஸ்கி, ரோசன் இருவரோடும் சேர்ந்து எழுதிய கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. மற்றபடி அந்த ஆண்டுகளின் பெரும்பகுதி, ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரே கோட்பாட்டில் அடக்கும் ஒன்றுபட்ட புலக் கோட்பாடு என்ற கடைசிவரை கைகூடாத தேடலில் போயிற்று. அதற்கு எல்சா காரணம் என்றால் அபத்தம். எல்சாதான் ஐன்ஸ்டைனை ஐன்ஸ்டைன் ஆக்கினார் என்பதும் அதே அளவு அபத்தம்.

இன்னொரு சின்ன விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த வீட்டுக்கு மேலே, கூரையடியில் அவருக்கு ஒரு படிப்பறை இருந்தது. அங்கே எல்சாவின் ஆட்சி செல்லாது. பெருக்கித் துடைக்கவோ காகிதங்களை அடுக்கி வைக்கவோ அனுமதி கிடையாது. வீடு முழுவதையும் விட்டுக்கொடுத்த மனிதர் அந்த ஒரு அறையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்புறம் 1928இல் ஹெலன் டூகாஸ் என்பவர் செயலாளராக வந்தார். கடிதங்கள், பார்வையாளர்கள், வேண்டாத அழைப்புகள் என்று எல்சா செய்துவந்ததில் பெரும்பகுதியை அவர் எடுத்துக்கொண்டு 1955இல் ஐன்ஸ்டைன் இறக்கும்வரை செய்தார். சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்திச் செய்துகொள்ள முடிகிறது என்றால், அந்தப் பலனுக்குக் கணவன் மனைவிக்குள் ஒருவர்மேல் ஒருவர் ஆதிக்கம் செலுத்த வேண்டிய அவசியம் இல்லை என்றுதானே அர்த்தம்?

பிடி என்று வந்தால், அந்தக் குடும்பத்தில் உண்மையாகவே கொடுமையான பிடியைப் போட்டவர் ஐன்ஸ்டைன்தான். 1914 ஜூலையில் மிலேவாவுக்கு ஒரு நிபந்தனைப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். துணிகள் ஒழுங்காக இருக்க வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடு அறைக்கு வர வேண்டும், மேசையை அவர் தவிர யாரும் தொடக் கூடாது, அன்பை எதிர்பார்க்கக் கூடாது, பேச்சை நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும், அறையை விட்டுப் போகச் சொன்னால் மறுபேச்சில்லாமல் போக வேண்டும். சூரிச்சில் அவரோடு ஒரே வகுப்பில் இயற்பியல் படித்த பெண்ணுக்கு எழுதிய பட்டியல் இது. மிலேவா முதலில் சம்மதித்தார், அந்த மாதக் கடைசியிலேயே பிள்ளைகளோடு ரயிலேறிவிட்டார். கடைசிக் காலத்தில், நண்பர் பெஸ்ஸோ இறந்தபோது அவர் குடும்பத்துக்கு எழுதிய கடிதத்தில், ஒரே பெண்ணோடு இத்தனை ஆண்டுகள் நிம்மதியாக வாழ்ந்ததற்காகத்தான் அவரை மிகவும் மெச்சுகிறேன், நான் அதில் இரண்டு முறை வெட்கப்படும்படி தோற்றேன் என்று ஐன்ஸ்டைனே ஒப்புக்கொண்டார்.

இந்த பெஸ்ஸோவை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

அடுத்து இயற்பியலாளர் டிராக். பேசவே மாட்டார் என்று பெயரெடுத்தவர். அவர் மனைவி மான்சி நேர் எதிர். ஹங்கேரிக்காரர், இயற்பியலாளர் விக்னரின் தங்கை, வாய் ஓயாமல் பேசுகிறவர், தன் இஷ்டப்படி நடக்காவிட்டால் விடமாட்டார், கணவர்மேல் கொள்ளை அன்பு. காதலித்த காலத்தில், என் கேள்விகளுக்கு நீ பதிலே எழுதுவதில்லை என்று மான்சி கோபித்துக்கொண்டதற்கு, எந்தக் கடிதத்தில் என்ன கேள்வி, அதற்கு என்ன பதில் என்று டிராக் ஓர் அட்டவணை போட்டு அனுப்பினார். இருவரும் 1937 ஜனவரியில் திருமணம் செய்துகொண்டார்கள். பின்னர் அவர் மான்சிக்கு எழுதியதில், நீதான் என்னை மனிதனாக்கினாய் என்ற பொருளில் ஒரு வரி வரும். அதை நான் அப்படியே நம்புகிறேன். சிறு வயதில் அப்பாவின் கண்டிப்பில் ஒடுங்கிப்போயிருந்த மனிதருக்கு வீடு, குழந்தைகள், சிரிப்பு எல்லாம் மான்சியால் வந்தது.

இயற்பியல்? எலக்ட்ரானுக்கான சமன்பாடு 1928, எதிர்த்துகளைப் பற்றிய கணிப்பு 1931, கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த லூக்காசியன் பேராசிரியர் நாற்காலி 1932, நோபல் 1933. எல்லாமே மான்சிக்கு முன்னால். திருமணமான கையோடு பிரபஞ்சத்தின் பெரிய எண்களைப் பற்றி ஒரு குறிப்பை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அதைப் படித்துவிட்டு, கல்யாணம் ஆனால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது பாருங்கள் என்று இயற்பியலாளர் நீல்ஸ் போர் கிண்டலடித்ததாக, இன்னொரு இயற்பியலாளரான காமோவ் எழுதியிருக்கிறார். கிண்டலில் நியாயம் இல்லை. கோட்பாட்டு இயற்பியலில் பலருக்கும் பெரிய வேலை இளமையிலேயே முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நாம் ஏமாறுகிற இடமும் இதுதான். வெற்றி வந்த பிறகு அதைக் காக்க ஒரு துணை வருகிறார். நாம் அந்தத் தம்பதியைப் பார்ப்பது புகழின் உச்சியில், இருவரும் சேர்ந்து நிற்கும் படங்களில். பின்னால் வந்தவரை முன்னால் நடந்ததற்குக் காரணமாக்கிவிடுகிறோம்.

பிடி இல்லாத அர்ப்பணிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே ஆள் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் வானியற்பியலாளர் சந்திரசேகருக்கு ஒரு வகுப்பு கீழே இயற்பியல் படித்தவர் லலிதா. சந்திரசேகர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கல்யாணம் 1936இல்தான். ஆறு வருடக் காத்திருப்பு. பிறகு விஸ்கான்சினில் யெர்க்ஸ் வானாய்வகத்தின் பக்கத்துச் சிற்றூரில் பல பத்தாண்டுகள். பத்து வருடத்துக்கு ஒருமுறை, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் துறையை மூட்டை கட்டிவிட்டு வேறு துறையைத் தொடங்குவது சந்திரசேகரின் வழக்கம். எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்துக்கொள்ளும் துணை இதைத் தாங்குவாரா? பெயர் வந்த இடத்தை விட்டு ஏன் போகிறீர்கள் என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வந்திருக்கும். லலிதாவின் பொறுமையும் ஆதரவும்தான் தன் வாழ்க்கையின் மைய உண்மை என்று நோபல் பரிசை ஒட்டி எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் சந்திரசேகர் சொன்னார். லலிதாவின் சொந்த இயற்பியல் நின்றுபோனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாம் கொண்டாடுகிற அர்ப்பணிப்புக் கதைகளில் இந்த வரி பெரும்பாலும் விட்டுப்போகிறது.

கேள்வி கேட்டவர் மனதில் விஞ்ஞானி ஆண், துணை பெண் என்று இருந்திருக்கும் என நினைக்கிறேன். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த மேரி சோமர்வில் இந்தக் கேள்விக்கென்றே வாழ்ந்ததுபோல ஒரு வாழ்க்கை வாழ்ந்தார். சிறு பெண்ணாக இரவில் யூக்ளிட் படிக்கிறாள் என்று தெரிந்ததும் வீட்டில் மெழுகுவர்த்தியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பாசத்தால்தான். பெண் மூளையை இப்படிக் கசக்கினால் உடம்புக்கு ஆகாது என்று நம்பினார்கள். 1804இல் சாமுவேல் கிரெய்க் என்பவரோடு திருமணம். அவர் புத்தகத்தைப் பிடுங்கவில்லை, ஆனால் பெண்களின் அறிவைப் பற்றி அவருக்கு மதிப்பே கிடையாது. மூன்றே வருடத்தில் அவர் இறந்துபோனார். மேரி இரண்டு குழந்தைகளோடு விதவையாக ஊர் திரும்பினார். கையில் சொந்தப் பணம், கேட்க ஆள் இல்லை. சுற்றத்தார் பைத்தியம் என்று பேசினார்கள். அந்த வருடங்களில்தான் நியூட்டனையும் உயர்கணிதத்தையும் உட்கார்ந்து படித்தார். ஒரு கணித இதழ் விடுத்த புதிரை விடுவித்து 1811இல் வெள்ளிப் பதக்கமும் வாங்கினார்.

அடுத்த வருடம் உறவினரான வில்லியம் சோமர்வில்லை மணந்தார். வில்லியம் ராணுவ மருத்துவர். மனைவிக்கு வேண்டியதை நூலகங்களில் தேடிக் கொடுப்பார், கையெழுத்துப் படிகளை உட்கார்ந்து பிரதியெடுப்பார். ராயல் சொசைட்டிக்குள் பெண்கள் போக முடியாது என்பதால் 1826இல் மேரியின் கட்டுரையை அவரே கொண்டுபோய்ச் சேர்த்தார். லாப்லாஸின் வானியக்கவியலை ஆங்கில வாசகர்களுக்காக மேரி எழுதிய நூல் 1831இல் வந்தது. முதல் கணவரின் காலத்தையும் விதவைக் காலத்தையும் இரண்டாவது கணவரின் காலத்தையும் ஒப்பிட்டால், அவர் முளைவிட்டது யாருடைய மேற்பார்வையும் இல்லாத அந்த நடுக்காலத்தில். வில்லியம் அதைத் தொட்டுக் கெடுக்காமல், ஓடியாடி உதவியதோடு நின்றுகொண்டார்.

கிளாரா இம்மர்வாரின் கதை இதற்கு நேர்மாறு. பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் 1900இல் வேதியியல் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கே பட்டம் பெற்ற முதல் பெண். அடுத்த வருடம் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபரை மணந்தார். ஹேபர் வெறிபிடித்ததுபோல் உழைக்கிறவர். முன்னறிவிப்பில்லாமல் விருந்தாளிகளை அழைத்து வருவார், வீடு அவரைச் சுற்றியே சுழல வேண்டும். 1905இல் வாயு வினைகளின் வெப்ப இயக்கவியல் பற்றி அவர் வெளியிட்ட நூலை, ‘அமைதியான ஒத்துழைப்புக்கு நன்றியாக’ என்று டாக்டர் பட்டத்தோடு மனைவியின் பெயரை எழுதிக் காணிக்கையாக்கினார். அமைதியான என்ற அடைமொழியிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. 1909இல், அமோனியாத் தயாரிப்பில் ஹேபர் வெற்றி பெற்ற அதே வருடம், தன் பழைய வழிகாட்டி அபெக்குக்கு கிளாரா எழுதினார்: இந்த எட்டு வருடங்களில் ஃபிரிட்ஸ் அடைந்ததை, அதற்கும் மேலேயே, நான் இழந்துவிட்டேன். 1915 ஏப்ரல் 22 அன்று முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஹேபரின் மேற்பார்வையில் எதிரிகள்மேல் குளோரின் நச்சு வாயு திறந்துவிடப்பட்டது. மே 2 அதிகாலை கணவரின் துப்பாக்கியால் கிளாரா தன்னைச் சுட்டுக்கொண்டார். இந்தச் சாவுக்கு ஒற்றைக் காரணம் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அந்த வீட்டில் ஒரு வேதியியலாளருக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

சரி, இன்றைய ஆராய்ச்சியாளருக்கு இதில் என்ன இருக்கிறது?

இப்போது பெஸ்ஸோ. 1905ஆம் வருடச் சார்பியல் கட்டுரையில் மேற்கோள் நூல்களே கிடையாது. ஒரே ஒருவருக்கு நன்றி சொல்லியிருக்கும், அது மிக்கேல் பெஸ்ஸோவுக்கு. அதே காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தவர், கூடவே நடந்தபடி மணிக்கணக்கில் வாதாடியவர். பொதுச் சார்பியலுக்கு வேண்டிய கணிதத்தைக் காட்டிக்கொடுத்தவர் இன்னொரு நண்பர், மார்செல் கிராஸ்மன். இரண்டு நண்பர்கள் இல்லாமல் இரண்டு சார்பியலும் இந்த வடிவில் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது வெட்டி அரட்டை, வீடு திரும்ப நேரமாவது, அவ்வளவுதான். பாசத்தோடு கெடுபிடி செய்கிற துணை முதலில் வெட்டுவது இந்த ஆட்களைத்தான். அவன் உன் நேரத்தைத் திங்கிறான், அவன் உன் ஐடியாவைத் திருடிவிடுவான், அந்த லேப் பெண்ணோடு உனக்கு என்ன பேச்சு என்று தொடங்கும். ஒவ்வொன்றும் அக்கறையாகவே ஒலிக்கும். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், நீ சொல்வது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு ஆள் மிச்சமிருக்க மாட்டார். ஆராய்ச்சியாளருக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை.

இரண்டாவது, ஊர் மாறுவது. பி.எச்டி ஒரு ஊரில், போஸ்ட்டாக் வேறு நாட்டில், வேலை மூன்றாவது இடத்தில் என்பதுதான் இன்றைய வழக்கம். நடுவில் கான்ஃபரன்ஸ், தொலைநோக்கியில் இரவு நேர ஒதுக்கீடு, ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்து வளர்வதை நிறுத்தாத ஆய்வகச் செல்கள். பிடி என்பது பெரும்பாலும் ஆளின் நடமாட்டத்தின் மேல்தான் விழும். அது நேராக வாய்ப்புகளின் மேல் விழுவதாக ஆகிவிடும்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. நல்ல ஆராய்ச்சிக்கு ஆறு மாதம் ஒரு தப்பான யோசனையின் பின்னால் ஓடுகிற சுதந்திரம் வேண்டும். உனக்காக நான் எல்லாவற்றையும் விட்டேன் என்கிற துணை, ஆறு மாதத்தில் பேப்பர் எங்கே என்று கேட்பார். அந்தக் கேள்வி காதில் இருந்துகொண்டே இருந்தால், ஆள் நிச்சயம் விடை வரும் சின்னக் கணக்குகளையே தேர்ந்தெடுக்கத் தொடங்குவார். கைடின் நெருக்கடி ஒரு பக்கம் ஏற்கெனவே உண்டு. வீட்டிலும் இன்னொரு கைடு வேண்டாம்.

அப்படியானால் துணையால் வெற்றிக்கு வழியே இல்லையா? உண்டு. கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியைப் பாருங்கள். பிராகில் ஒன்றாக மருத்துவம் படித்தவர்கள், அமெரிக்காவில் ஒன்றாகவே வேலை செய்தார்கள். மனைவியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்வதை நிறுத்தினால் வேலை தருகிறோம் என்று ஒரு பல்கலைக்கழகம் கார்லிடம் சொன்னது. கணவரின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறாய் என்று கெர்ட்டியைத் தனியே கூப்பிட்டும் சொல்லிப் பார்த்தார்கள். கார்ல் அந்த வேலையை வேண்டாம் என்றார். பிறகு 1931இல் செயின்ட் லூயிஸ் போனார்கள். அங்கே கெர்ட்டிக்குக் கிடைத்தது மிகக் குறைந்த சம்பளத்தில் ஆய்வு உதவியாளர் இடம். 1947இல் இருவருக்கும் சேர்த்து நோபல் வந்தது. கெர்ட்டி முழுப் பேராசிரியரானதும் அந்த வருடம்தான். கார்ல் செய்தது பார்த்தால் சின்னதுதான்: ஒரு தவறான பேரத்துக்கு இல்லை என்றார், மனைவியின் வேலையை மனைவியிடமே விட்டார்.

நீங்கள் அந்த அக்கறையான துணையின் இடத்தில் இருந்தால், சமையல், கணக்கு, பயண டிக்கெட், தொந்தரவு அழைப்புகள், இதில் எதையெல்லாம் செய்ய உங்களுக்கு உண்மையில் விருப்பமோ அதைச் செய்யுங்கள், மற்றதற்கு ஆள் வையுங்கள் அல்லது பாதி பாதி பிரித்துக்கொள்ளுங்கள். அவர் என்ன ஆராய்வது, யாரோடு சேர்ந்து ஆராய்வது, எந்த ஊரில் ஆராய்வது, இந்த மூன்றிலும் கருத்துச் சொல்லலாம், தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஊர் விஷயத்தில் மட்டும் உங்கள் வாழ்க்கையும் மாட்டியிருப்பதால் அங்கே சரிபாதிப் பேச்சு உங்களுக்கு உண்டு. உங்களுக்கும் ஒரு படிப்போ வேலையோ இருந்தால் அதை மூட்டை கட்டிவிட்டு இதில் இறங்காதீர்கள். பின்னாளில் பேப்பர் எங்கே என்று கேட்க வைப்பது பெரும்பாலும் அந்த இழப்புதான்.

நீங்கள் ஆராய்ச்சியாளரின் இடத்தில் இருந்தால், உங்கள் கூரையடி அறை எது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அது அறையாக இல்லாமல் காலையில் இரண்டு மணி நேரமாகவோ, மாலை நடையாகவோ இருக்கலாம். ஆனால் சம்பளம், போன் பாஸ்வேர்டு, அம்மா அப்பாவைப் பார்ப்பது, நண்பரோடு பேசுவது என எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது, கேட்காவிட்டால் பயமாக இருக்கிறது என்றால், அதை ஆராய்ச்சிக்கு உதவுமா என்ற கேள்விக்குள் கொண்டுவராதீர்கள். அது வேறு பிரச்சினை. பல்கலைக்கழக ஆலோசகரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ பேசுங்கள். இந்தியாவில் பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது.